லெபனான் நோயாளிகள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

சிட்னியின் மேற்குப் பகுதியில் ஒரு மருத்துவமனையில் செவிலியாக இருக்கிறேன். எங்கள் வார்டில் லெபனான்காரர்கள் நிறைய. சர்க்கரை நோயுள்ள ஒரு வயதான அம்மா அரபு பேசியதால் ஹலால் உணவு என்று குறித்துவிட்டேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. தலைமாட்டில் வெண்தாடித் துறவி ஒருவரின் படம் இருந்தது. பிறகு “நீங்கள் எந்த மதம்?” என்று கேட்டேன். அதற்கும் பதில் இல்லை. இவர்களிடம் என்ன கேட்பது, எப்படிக் கேட்பது?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

கறுப்பு அங்கி, முக்காடு, கவிழ்ந்த கண்கள் என்றால் அவர் புனித ஷர்பெல். 1898இல் இறந்த மரோனைட் (லெபனானின் கத்தோலிக்கப் பிரிவு) துறவி; 1977இல் புனிதர் பட்டம் பெற்றார். ஆனால் லெபனானில் அன்னாயாவில் உள்ள அவர் மடத்துக்கு முஸ்லிம்களும் நேர்ந்துகொண்டு போவார்கள். படத்தை வைத்தும் முடிவுகட்ட முடியாது.

லெபனான் அரசு அங்கீகரித்த மதப்பிரிவுகள் 18. 1975 முதல் 1990 வரை நடந்த உள்நாட்டுப் போரில், சாலைத் தடுப்புகளில் அடையாள அட்டையிலிருந்த மதத்தைப் பார்த்தே ஆட்களைக் கொன்றார்கள். அந்தக் காலத்தில் தப்பி வந்தவரிடம் கையில் படிவத்தோடு நின்று மதம் கேட்டால் வாய் திறப்பாரா? (ஈழத்தமிழர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.) மதத்தை விட்டுவிட்டு வழக்கத்தைக் கேளுங்கள்: எதைச் சாப்பிடமாட்டீர்கள், இப்போது நோன்பு உண்டா, முதல் உணவு எத்தனை மணிக்கு, ஆண் செவிலியர் தொடலாமா, பாதிரியாரோ ஷேக்கோ (முஸ்லிம் மதகுரு) வரவேண்டுமா.

முதல் உணவு நேரம் மிக முக்கியம். நோன்பு என்றால் ரமலான் மட்டுமே நம் நினைவுக்கு வருகிறது. மரோனைட்டுகள் தவக்காலத்தில் நள்ளிரவிலிருந்து நண்பகல்வரை சாப்பிடாமல் இருப்பதுண்டு. கிளிக்ளசைடு போன்ற, சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரையைக் காலை உணவோடு போடச் சொல்லியிருப்போம். அவர் மாத்திரையைப் போடுவார், உணவைத் தள்ளிவைப்பார். பதினொரு மணிக்குள் வியர்த்து, கை நடுங்கி, சர்க்கரை இறங்கிவிடும். ‘பசியில்லை’ என்று குறிப்பெழுதிவிட்டு நகர்ந்தால் காரணம் பிடிபடாது. கிரேக்க ஆர்த்தடாக்ஸ் பிரிவினரில் நற்கருணை வாங்கும் ஞாயிறு காலையில் வெறும் வயிற்றோடு போகிறவர்களுக்கும் இதே ஆபத்துதான். இஸ்லாமிலிருந்து கிளைத்த தனிப் பிரிவான ட்ரூஸ் மக்களுக்கு ரமலான் நோன்பு கிடையாது.

ரமலானுக்கு 6 முதல் 8 வாரம் முன்பே மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள். பேசல் இன்சுலினை (நாள் முழுக்க மெதுவாக வேலை செய்வது) பெரும்பாலும் 15 முதல் 30 சதவீதம் குறைத்து நோன்பு திறக்கும் நேரத்துக்கு மாற்றுவார்கள். அளவை மருத்துவர்தான் தீர்மானிக்க வேண்டும். சர்க்கரை 70 mg/dL-க்குக் கீழே (உங்கள் ஊர் mmol/L அளவில் 3.9) இறங்கினாலோ 300ஐ (16.6) தாண்டினாலோ நோன்பை முறிக்க வேண்டும். விரலில் குத்திச் சோதித்தால் நோன்பு முறிந்துவிடும் என்று பலர் நம்பிச் சோதிக்காமலே இருக்கிறார்கள். முறியாது, அதை ஷேக் வாயால் கேட்டால் உடனே ஒப்புக்கொள்வார்கள். மாலையில் பிரச்சினை நேரெதிர். பேரீச்சம்பழம், ஜல்லாப் என்ற இனிப்புப் பானம், கதாயெஃப் என்ற இனிப்புப் பலகாரம் எல்லாம் வரிசையாக உள்ளே போவதால் இரவில் சர்க்கரை எகிறும்.

அன்னாயாவிலிருந்து வந்த புனித எண்ணெய்க் குப்பியோ எண்ணெயில் நனைத்த பஞ்சோ அந்த அம்மாவிடம் இருக்கலாம். பிடுங்காதீர்கள். ஆக்சிஜன் ஓடும்போது முகத்தில் எண்ணெய் கூடாது, தீப்பிடிக்கலாம். ஊசி ஒட்டியிருக்கும் இடத்தில் தடவினால் பிளாஸ்திரி கழன்றுவிடும். காலில் தடவச் சொல்லுங்கள், மறுக்கமாட்டார்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். புற்றுநோய் என்று தெரிந்தால் எந்தப் பிரிவானாலும் பிள்ளைகள் உங்களை வாசலில் மறித்து, “அம்மாவிடம் சொல்லிவிடாதீர்கள்” என்பார்கள். பெயரைச் சொன்னாலே மனம் உடைந்து சீக்கிரம் போய்விடுவார் என்ற பயம். அதைக் கொடுமை என்று நினைக்க வேண்டாம், ஆனால் அதற்குக் கட்டுப்படவும் வேண்டாம். பரிசோதனை முடிவு வருவதற்கு முன்பே, பிள்ளைகள் இல்லாத நேரத்தில், மருத்துவமனையின் மொழிபெயர்ப்பாளரை வைத்து அவரிடமே கேளுங்கள்: “முடிவை உங்களிடம் சொல்லவா, வேறு யாரிடமாவது சொல்லவா?” மகனிடம் சொல்லுங்கள் என்று சிலர் தாங்களாகவே சொல்வார்கள், அதுவும் அவர் உரிமைதான். மகனை மொழிபெயர்க்க வைத்தால் கேள்வியே அம்மாவிடம் போய்ச் சேராது. பதிலைத் தேதியோடு கோப்பில் எழுதிவையுங்கள். பிறகு குடும்பம் சண்டைக்கு வந்தால் காட்ட அது ஒன்றுதான் இருக்கும்.