அண்ணனை ஆண்டவர் வெறுக்கிறாரா?

கேள்வி: களியக்காவிளை பக்கம் எங்கள் ஊர். அண்ணன் நடத்திய சிட்டி (சீட்டு) ஏழு வருஷம் முன்னால் பொளிஞ்சு போச்சு. ராவோடு ராவாகப் பாறசாலைப் பக்கம் போய்விட்டார். ஜாமீன் நின்ற நான் நகையை விற்றுக் கொஞ்சம் அடைத்தேன். அண்டி ஆபீசில் (முந்திரி ஆலையில்) வேலை பார்க்கும் விதவை அக்கா ஒருத்தி மகள் கல்யாணத்துக்குப் போட்டது அப்படியே போச்சு. இப்போது சுகர் முற்றி, காலில் புண்ணோடு அண்ணன் அம்மாவிடம் வந்திருக்கிறார். கன்வென்ஷனில் பேசியவர், அக்கிரமக்காரரைக் கர்த்தர் வெறுக்கிறார் என்றார். எங்கள் போதகரோ, ஆண்டவர் மன்னித்துவிட்டார், கேட்க நாம் யார் என்கிறார். எது சரி? அவரை வீட்டில் சேர்க்கலாமா?
— ஒரு சகோதரி, கன்னியாகுமரி மாவட்டம்

பதில்: சேருங்கள். புண்ணுக்கு மருந்து வைத்துக்கொண்டே மற்றதைப் பேசலாம்.

நான் இறையியல் படித்தவள் இல்லை, மக்களே. சண்டே ஸ்கூலில் பிள்ளைகளுக்கு வசனம் சொல்லிக்கொடுத்தே தலை நரைத்தவள். கன்வென்ஷன்காரர் சொன்ன வசனம் இருக்கிறது: “அக்கிரமக்காரர் யாவரையும் வெறுக்கிறீர்”, சங்கீதம் 5:5. போதகர் பக்கமும் வசனம் உண்டு. “நாம் பாவிகளாயிருக்கையில் கிறிஸ்து நமக்காக மரித்ததினாலே” என்று ரோமர் 5:8 சொல்கிறது. திருந்திய பிறகு மரித்தார் என்று இல்லை. ‘பாவியை நேசி, பாவத்தை வெறு’ என்று நடுவில் ஒரு வாக்கியத்தைச் சொல்லி இரண்டையும் ஒட்டவைப்பவர்களும் உண்டு. பலர் அதை வேத வசனம் என்றே நினைக்கிறார்கள். அது வேதத்தில் இல்லை. 5-ஆம் நூற்றாண்டில் ஆயர் அகஸ்டின் கன்னியர் மடத்துக்கு எழுதிய கடிதத்தில் அந்தக் கருத்து வருகிறது. காந்தியும் தம் சுயசரிதையில் அதைச் சொன்னார். நல்ல வாக்கியம்தான். ஆனால் உங்கள் வீட்டுச் சங்கதிக்கு அது போதாது. பாவி, பாவம் என்று இரண்டைத்தான் அது பார்க்கிறது. அண்டி ஆபீஸ் அக்கா அதில் எங்கே?

அந்த ஐந்தாம் சங்கீதத்தை முதலிலிருந்து வாசித்துப் பாருங்கள். மேடையில் நின்று மற்றவர்களைச் சபிப்பவரின் பேச்சு அது இல்லை. பொய்யராலும் சூதுக்காரராலும் நெருக்கப்பட்ட ஒருவர் காலையில் எழுந்து அழுகிற ஜெபம். அந்த அக்கா வாயில் வைத்துப் பார்த்தால் அது சட்டென்று விளங்கும். லூக்கா 18-ல் வரும் விதவையும் ‘எனக்கு நியாயஞ்செய்யும்’ என்றுதான் நியாயாதிபதியின் வாசலில் விடாமல் போய் நிற்கிறாள். நியாயத்தீர்ப்பு என்றதும் நமக்குத் தீயும் கந்தகமும் கண்ணில் வருகிறது. அவளுக்கோ அது நற்செய்தி. கர்த்தர் உங்கள் அண்ணன் செய்ததை வெறுக்காமல் இருந்தால், அந்த அக்காவை நேசிக்கிறார் என்று எப்படிச் சொல்ல?

அதனால்தான் ‘கேட்க நாம் யார்’ என்பதை என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. ஜெர்மன் போதகர் போன்ஹோஃபர் 1937-இல் இதற்குத்தான் ‘மலிவான கிருபை’ என்று பெயர் வைத்தார். பணத்தைப் பறிகொடுத்தவள் இன்னும் கடனில் கிடக்க, இடையில் நின்று ரசீது கிழித்துக் கொடுக்கிற மன்னிப்பு அது.

வரி வசூலிக்கிறவனான சகேயுவின் கதை நமக்கெல்லாம் மனப்பாடம், மரத்தில் ஏறியதோடு நிறுத்திவிடுகிறோம். அவன் ஒரு காசும் திருப்பித் தருவதற்கு முன்பே, ‘இன்றைக்கு நான் உன் வீட்டிலே தங்கவேண்டும்’ என்கிறார் இயேசு. ஊர் முறுமுறுக்கிறது. அதற்குப் பிறகுதான் சகேயு எழுந்து, அநியாயமாய் வாங்கியதை நாலு மடங்காகத் தருகிறேன் என்கிறான். தானாக ஒத்துக்கொண்டவன் முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுத்தால் போதும் என்கிறது லேவியராகமம் 6:5. ஆட்டைத் திருடி விற்றவனுக்குத்தான் நாலு மடங்கு, யாத்திராகமம் 22:1. சகேயு திருடன் கணக்கைத் தானே தன் தலையில் ஏற்றிக்கொண்டான். கத்தோலிக்கரிலும் குருவிடம் பாவத்தைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்தோடு காரியம் முடிவதில்லை, திருடியதைத் திருப்பிக் கொடுக்கவும் வேண்டும்.

நரகம் எப்படி, எத்தனை காலம் என்றெல்லாம் சபைகள் ஆதிநாள் தொட்டே வாதாடுகின்றன. அது உங்கள் கேள்வி இல்லை, விட்டுவிடுவோம்.

உங்கள் கோபத்தைப் பற்றி நீங்கள் ஒரு வரியும் எழுதவில்லை. நகையை விற்றவர் நீங்கள். ஏமாந்தவர்கள் பட்டியலில் நீங்களும் உண்டு. அதை அண்ணனிடம் சொல்லாமல் கஞ்சி ஊற்றிக் கொடுத்தால், கஞ்சியும் கசக்கும். அம்மா முன்னாலேயே சொல்லுங்கள். அவர் கடனை அடைக்க உங்கள் பங்கு நிலத்தை விற்கச் சொன்னால் மாட்டேன் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. யாராவது போலீசில் புகார் கொடுத்தால், ‘சபைக்குள் பேசிக்கலாம்’ என்று தடுக்கப் போகாதீர்கள். மன்னித்துவிடு என்று யாரையும் நெருக்கவும் வேண்டாம்.

பழைய சிட்டி நோட்டு இருந்தால் எடுத்து வையுங்கள். இல்லாவிட்டால் பேரையும் தொகையையும் அண்ணனே தன் கையால் எழுதட்டும். மாதம் 500 ரூபாய்தான் முடியுமென்றால் 500. முதலில் அந்த அக்கா வீடு. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்த கையோடு, நாலு பேர் பார்க்கப் போக வேண்டாம். அவள் வேலை முடிந்து வந்து குளித்துச் சாப்பிட்ட பிறகு போங்கள். புண்காலோடு நடக்க முடியாவிட்டால் ஆட்டோ பிடியுங்கள். நீங்கள் முற்றத்தில் நின்றால் போதும். பேச வேண்டியது அண்ணன்.