ஒரு கண் இல்லாத அமெரிக்க நடிகர் பீட்டர் ஃபாக் எப்படி நட்சத்திரமானார்?

விழித்திரைப் புற்றுநோயால் மூன்று வயதிலேயே வலது கண்ணை எடுத்துவிட்டார்கள். அப்புறம் கண்ணாடிக் கண்தான். கொலம்பியா பிக்சர்ஸ் பட நிறுவனத்தில் வாய்ப்பு கைநழுவியதும் அதனால்தான். 1927இல் நியூயார்க்கில் பிறந்தவர், கப்பலில் சமையல்காரராக இருந்து, பொது நிர்வாகத்தில் முதுகலை படித்து, கனெக்டிகட் அரசு பட்ஜெட் அலுவலக உத்தியோகத்தை விட்டுவிட்டு நடிக்க வந்தபோது வயது முப்பதை நெருங்கிவிட்டது. ஆனாலும் 1960, 1961 படங்களுக்கு அடுத்தடுத்து துணை நடிகருக்கான ஆஸ்கர் பரிந்துரை!

நிலைத்த பெயர் தந்தது 'கொலம்போ' என்ற போலீஸ் துப்பறிவாளர் வேடம்தான் (1968 தொலைக்காட்சிப் படம், 1971 முதல் தொடர், கடைசிப் பகுதி 2003). கொலைகாரன் யாரென்று பெரும்பாலும் ஆரம்பத்திலேயே காட்டிவிடுவார்கள். ஆகவே மர்மம் கை கொடுக்காது, நடிப்புதான் தாங்க வேண்டும். கசங்கிய மழைக்கோட்டு (அவருடைய சொந்தக் கோட்டு), சுருட்டு. விடைபெற்று வாசல்வரை போய், சட்டென்று திரும்பி 'இன்னும் ஒண்ணே ஒண்ணு' என்பார். எதிராளி அசந்த நேரம் அதுதான். இந்த வேடத்துக்கு மட்டும் நான்கு எம்மி (அமெரிக்கத் தொலைக்காட்சி விருது).