ஓ.எம்.ஆரில் வாடகை வீடு: அட்வான்ஸ் எவ்வளவு, எதையெல்லாம் கேட்க வேண்டும்?

ஓ.எம்.ஆரில், அதாவது சென்னையின் பழைய மகாபலிபுரம் சாலையில், சோழிங்கநல்லூரில் வேலை, இரண்டு படுக்கையறை ஃபிளாட் வேண்டும், ஓனர் பத்து மாத அட்வான்ஸ் கேட்கிறார், சரியா என்று கேட்டிருக்கிறீர்கள்.

பத்து மாதம் சென்னையின் பழைய வழக்கம். 2019-இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டம், முன்பணத்தை மூன்று மாத வாடகை என்று வைக்கிறது. ஆனால் இரு தரப்பும் வேறு மாதிரி ஒப்புக்கொண்டால் அதற்கும் இடம் உண்டு. அந்தச் சந்துதான் ஓனர்களுக்கு வசதி. அதனால் கையெழுத்துக்கு முன்பே பேரம் பேசுங்கள். ஒப்பந்தம் எழுத்தில் இருக்கட்டும், வாடகை அதிகாரியிடம் பதிவும் ஆகட்டும். காலி செய்யும்போது பெயின்டிங்குக்கு எவ்வளவு பிடிப்பார்கள் என்பதையும் அதிலேயே எழுதச் சொல்லுங்கள். பெரும்பாலான சண்டை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

வாடகையைவிட முக்கியம் தண்ணீர். ஓ.எம்.ஆரில் நிறைய குடியிருப்புகள் லாரித் தண்ணீரை நம்பியே ஓடுகின்றன. போர்வெல் தண்ணீர் பல இடங்களில் உப்பு. மெயின்டனன்ஸில் தண்ணீர் அடங்குமா, தனியா என்று ஓனரிடம் கேட்காமல் வாட்ச்மேனிடம் கேளுங்கள். கோடையில் எத்தனை லாரி வருகிறது என்று அவர்தான் உண்மையைச் சொல்வார்.

பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் பக்கம் வாடகை குறைவாகக் கிடைத்தால், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் அந்தத் தெருவில் தண்ணீர் எதுவரை நின்றது என்று பக்கத்துக் கடையில் விசாரியுங்கள். சதுப்பு நிலத்தை ஒட்டிய பகுதி அது. தரைத்தளம் என்றால் நான் எடுக்க மாட்டேன்.

புரோக்கர் கமிஷன் பொதுவாக ஒரு மாத வாடகை. அதிலும் பேசலாம்.