வேலியிலிருந்து குளத்துக்குப் போன கம்பி

அன்பின் அண்ணா,

கோணேசர் கோயில் மலையில் நின்று திமிங்கிலம் பார்த்ததைப் பற்றி நீங்கள் எழுதியதை வாசித்த சூட்டோடு, எங்கள் கந்தோரில் திமிங்கில வேட்டைக்கு எதிரான ஒரு மகஜருக்குக் கையெழுத்துச் சேர்த்தேன். 31 பேர் வைத்தார்கள். அடுத்த வெள்ளிக்கிழமை ஒருவருடைய பிரியாவிடை விருந்து. மேசையில் மான் இறைச்சி. கையெழுத்து வைத்தவர்களில் பாதிப்பேர் அதைத்தான் தேடிப் போட்டுக்கொண்டார்கள். உண்மையைச் சொன்னால் நானும் ஒரு துண்டு எடுத்தேன். பக்கத்தில் இருந்த கணக்காளர் சிரித்துக்கொண்டே, “தங்கச்சி, இந்த மானுக்கும் ஒரு மகஜர் எழுதுவமா?” என்று கேட்டார். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

இரண்டு கேள்விகள். ஜப்பானில் நடப்பதற்குத் திருகோணமலையிலிருந்து கையெழுத்து வைத்து என்ன ஆகப்போகிறது? மற்றது, தம்பலகாமத்தில் என் மாமா வயலுக்குப் பன்றி வராமல் சுருக்குக் கம்பி வைக்கிறவர். ஓர் இரவு பன்றி இறங்கினால் அவருக்கு ஒரு போகமே போய்விடும். அவரை விலங்கு வதை செய்கிறவர் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நீங்கள் சொல்வீர்களா?

உப்புவெளியிலிருந்து ஒரு வாசகி
(பெயர் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

*

அன்பின் தங்கச்சிக்கு,

உங்கள் கணக்காளர் கேட்டது நல்ல கேள்வி. அவர் அதை உங்களிடம் கேட்டிருக்கக் கூடாது, இறைச்சிக்குப் போன் எடுத்தவரிடம் கேட்டிருக்க வேண்டும். அப்படிப் போன் எடுத்தவர்களில் நானும் ஒருவன் என்பதால் அந்தக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பத்துப் பன்னிரண்டு வருடங்களுக்கு முன்பு லண்டனிலிருந்து ஒரு சொந்தக்காரர் குடும்பத்தோடு வந்திருந்தார். வந்த அன்றே, “ஊரில காட்டிறைச்சி எடுக்கேலாதோ?” என்றார். எனக்கு ஓர் இலக்கம் தெரிந்திருந்தது. இந்த ஊரில் யாருக்குத்தான் தெரியாது? இரண்டு நாள் கழித்து விடியக்காலையில் மோட்டார் சைக்கிளில் ஒரு பொடியன் றெஜிபோம் பெட்டியோடு வந்தான். மேலே ஒரு வரிசை சாளை மீன், அதன் கீழே ஐஸ், அதற்கும் கீழே பொலித்தீன் பையில் மூன்று கிலோ. காசை எண்ணிப் பார்க்காமலே சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு போனான்.

குசினியில் மாமி அரிந்துகொண்டிருந்தவர் கொஞ்ச நேரத்தில் என்னைக் கூப்பிட்டார். கத்தியைக் காட்டினார். அலகில் வெள்ளையாக ஏதோ வழிந்திருந்தது. கொழுப்பு என்று நினைத்தேன். “பால்” என்றார் மாமி. அவசரத்தில் உரித்தவர்கள் மடித்துண்டையும் சேர்த்தே கட்டியிருந்தார்கள். அதை வெட்டும்போது வழிந்திருக்கிறது. குட்டி எங்கே நின்றிருக்கும் என்று நான் கேட்கவில்லை, மாமியும் பேசவில்லை. குழாயில் கத்தியைக் கழுவிவிட்டு மிச்சத்தை அரிந்தார்.

இதோடு திருந்திவிட்டேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். நடந்தது அதுவல்ல. சமைத்தோம், சாப்பிட்டோம். விருந்தாளி இரண்டாம் தரமும் கேட்டு வாங்கினார். நான் அந்த இலக்கத்தை அழித்தது அதற்கும் ஒரு வருடம் கழித்து.

சரி, மாமாவின் கதைக்கு வருகிறேன். உங்கள் இரண்டாவது கேள்விதான் கடினமானது, அதனால் அது முன்னுக்கு.

பன்றி வயலில் இறங்கினால் என்ன நடக்கும் என்பது கொழும்பில் இருந்துகொண்டு விலங்குரிமை பேசுகிறவர்களுக்குத் தெரியாது. குடலை பருவத்தில் நெல்லைச் சப்பித் துப்பி, மிச்சத்தை உழக்கி, உழுத சேறு மாதிரி ஆக்கிவிட்டுப் போகும். கடன்பட்டு விதைத்தவன் விடியப் போய் அதைப் பார்க்கும்போது அவனுக்கு வருகிற ஆத்திரத்தைக் குற்றம் சொல்ல எனக்கு உரிமை இல்லை. என் வீட்டுத் தென்னையில் குரங்கு விட்டுவைத்த குரும்பைகளை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். அந்த நேரத்தில் என் வாயிலிருந்து வருகிற வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. ஆகவே உங்கள் மாமாவை நான் கொடுமைக்காரர் என்று சொல்ல மாட்டேன்.

ஆனால் அவரிடம் ஒன்று கேட்பேன். கம்பி எங்கே கட்டியிருக்கிறது, எந்த மாதத்தில் கட்டியிருக்கிறது? பயிரைக் காக்கிற கம்பி வேலியோரத்தில் இருக்கும், பயிர் நிற்கும் காலத்தில் இருக்கும். நான் கந்தளாய்ப் பக்கம் ஒரு நண்பரோடு காட்டோரம் நடந்தபோது பார்த்த கம்பிகள் அப்படி இல்லை. ஆவணி மாதம். சுற்றியுள்ள சின்னக் குளங்கள் வற்றி, நடுவில் ஒரு பாய் விரித்த அளவு தண்ணீர்தான் மிச்சம். கண்ணுக்கெட்டிய தூரத்துக்கு ஒரு கதிர் இல்லை. அந்தத் தண்ணீருக்கு இறங்குகிற ஒற்றையடிப் பாதையில் இருபது முப்பது அடிக்கு ஒன்றாகச் சுருக்கு. மோட்டார் சைக்கிள் கிளச் கேபிளை மரத்தடியில் கட்டி, தலை நுழைகிற அளவுக்கு வட்டம் போட்டு, இரண்டு குச்சியில் நிறுத்தியிருந்தார்கள். ஒன்றில் மட்டும் மயிர் ஒட்டியிருந்தது. அந்த மரத்தைச் சுற்றி மண் வட்டமாகக் கிண்டிப்போயிருந்தது. பிடிபட்டது ஓர் இரவு முழுக்கச் சுற்றியிருக்க வேண்டும்.

தண்ணீருக்கு வருகிற விலங்கு எவனுடைய பயிரையும் தின்ன வரவில்லை. அங்கே கம்பி வைப்பவனுக்குக் காக்க வயலும் இல்லை. அவனுக்கு இருப்பது ஓர் ஓடர். வெள்ளிக்கிழமைக்கு மூன்று கிலோ, ஞாயிற்றுக்கிழமைக்கு ஐந்து கிலோ. கம்பி வேலியிலிருந்து குளத்துக்கு இடம் மாறுகிறதே, அந்த இடத்தில்தான் பயிர்க்காவல் முடிந்து வியாபாரம் தொடங்குகிறது என்பது என் கணக்கு. அதை அங்கே நகர்த்தியது மாமா மாதிரி ஆட்கள் அல்ல, நானும் உங்கள் விருந்தை ஒழுங்கு செய்தவரும்.

கம்பிக்கு ஆள் தெரியாது என்பது இன்னொரு தலைவலி. பன்றிக்கு வைத்ததில் சிறுத்தை மாட்டும். 2020 மே மாதம் மலையகத்தில் நல்லதண்ணிப் பக்கம் ஒரு கருஞ்சிறுத்தை அப்படித்தான் கம்பியில் மாட்டி, மீட்டு எடுத்தும் பிழைக்காமல் போனது. கட்டுத்துவக்கும் (தடக்கினால் தானாக வெடிக்கும்படி கட்டி வைக்கிற துவக்கு) அப்படித்தான், விறகு பொறுக்கப் போன மனிதனின் காலையும் பதம் பார்க்கும். ஹக்கபட்டாஸ் எல்லாவற்றையும் விடக் கேடு கெட்டது. வெடிமருந்தைப் பூசணித் துண்டுக்குள்ளோ வேறு தீனிக்குள்ளோ பொதிந்து போட்டுவிடுவார்கள். பன்றி கடித்தால் அங்கேயே விழும். யானைக்குட்டி கடித்தால் விழாது. தாடையும் நாக்கும் சிதறி, தின்னவும் குடிக்கவும் முடியாமல், நாள் கணக்கில், சில வேளை வாரக் கணக்கில் நடந்து திரிந்து சாகும். இலங்கையில் 2023இல் மட்டும் 400க்கும் மேற்பட்ட யானைகள் செத்தன. வேட்டு, மின்சாரம், ரயில் என்று காரணங்கள் பல இருந்தாலும் ஹக்கபட்டாஸ் அந்தப் பட்டியலில் வருடா வருடம் இருக்கிறது.

சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. மானும் மரையும் 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வருகின்றன. விற்பது மட்டுமல்ல, இறைச்சியைக் கையில் வைத்திருப்பதும் குற்றம். அதாவது உங்கள் பிரியாவிடை மேசை முழுக்கக் குற்றவாளிகள், என் குசினியும் சேர்த்து. விலங்கு வதைக்கென்று தனியாக 1907இல் எழுதிய சட்டம் ஒன்று உண்டு. அதில் போட்ட உச்சத் தண்டம் 100 ரூபா. அந்தக் காலத்தில் அது பெரிய காசு. இன்று அதைக் கொண்டுபோய் ஒரு கடையில் கொடுத்துப் பாருங்கள், என்ன தருகிறார்கள் என்று.

இனி உங்கள் மகஜர்.

ஜப்பான் எங்கேயோ, நாங்கள் எங்கேயோ என்று நினைக்க வேண்டாம். நீங்கள் கோயில் மலையிலிருந்து பார்க்கிற கடல் அந்த வேட்டைக்கு வெளியே இருந்த கடல் அல்ல. 1960களில் சோவியத் கப்பல்கள் இந்து சமுத்திரத்தின் வடக்கு வரை வந்து, பாதுகாக்கப்பட்ட இனங்களையும் கொன்றன. 1966இல் அரபிக்கடலில் ஒரே பருவத்தில் 200க்கு மேற்பட்ட கூனல் திமிங்கிலங்களைக் கொன்று கணக்கில் மறைத்தார்கள். சோவியத் உடைந்த பிறகு, 1993இல், அலெக்சி யப்லகோவ் என்ற ரஷ்ய விஞ்ஞானிதான் அந்தப் பொய்க் கணக்கை வெளியில் போட்டார். இதில் எனக்கு இன்றும் விளங்காத விடயம், கொன்றவற்றில் பெரும்பகுதியை அவர்கள் சாப்பிடவுமில்லை. ஐந்தாண்டுத் திட்டத்தில் இத்தனை தொன் என்று எழுதியிருந்தது, அந்தத் தொன்னைக் காட்ட வேண்டும், அவ்வளவுதான். ஓடர் கொடுத்தது ஒரு காகிதம்.

மண்ணெண்ணெய் வந்ததால் திமிங்கிலம் தப்பியது என்று பள்ளிக்கூடத்தில் எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள். அது தப்பு. விளக்குக்கு எண்ணெய் தேவைப்படாமல் போன பிறகுதான், 20ஆம் நூற்றாண்டில், ஏறத்தாழ 29 இலட்சம் திமிங்கிலங்கள் கொல்லப்பட்டன. விளக்கு போனால் என்ன, மாஜரினுக்கு எண்ணெய் வேண்டியிருந்தது. இயந்திரங்களுக்கு மசகு வேண்டியிருந்தது. கப்பலிலேயே வெட்டி உருக்குகிற வசதியும் வந்துவிட்டது. ஒரு தேவை செத்தால் வியாபாரி அடுத்த தேவையைக் கண்டுபிடிப்பான். சும்மா விட்டிருந்தால் இன்று எங்கள் கடலில் பார்க்க ஒன்றும் இருந்திருக்காது.

விடாததற்கு ஒரு காரணம், உங்கள் மாதிரி ஆட்கள் சேர்த்த கையெழுத்து. 1979இல் சர்வதேச திமிங்கில ஆணைக்குழுவில் இந்து சமுத்திரத்தைத் திமிங்கிலச் சரணாலயம் ஆக்க வேண்டும் என்று கேட்டது எந்தப் பெரிய நாடு என்று நினைக்கிறீர்கள்? சீஷெல்ஸ். சுதந்திரம் கிடைத்து மூன்று வருடம் மட்டுமே ஆகியிருந்த குட்டித் தீவு நாடு. அது நடந்தது. அதன் பின் 1982 முதல் 84 வரை ‘துலிப்’ என்ற சின்னப் பாய்மரப் படகில் ஆராய்ச்சியாளர்கள் இந்தக் கடல்களில் திமிங்கிலங்களைக் கொல்லாமலே ஆராய்ந்தார்கள், திருகோணமலைக்கும் வந்தார்கள். அதே 1982இல் வணிக வேட்டையை நிறுத்தி வைக்கும் தீர்மானம் 25க்கு 7 என்ற வாக்கில் நிறைவேறியது. 2014இல் சர்வதேச நீதிமன்றம் ஜப்பானின் அந்தாட்டிக் ‘ஆராய்ச்சி’ வேட்டை ஆராய்ச்சிக்கானதல்ல என்று சொன்னது. ஜப்பான் 2019இல் ஆணைக்குழுவைவிட்டு விலகித் தன் கடலில் வேட்டையைத் தொடர்கிறது. நோர்வேயும் விடவில்லை. முழு வெற்றி என்று சொல்ல முடியாது.

ஆனால் இன்னொரு கணக்கையும் பாருங்கள். 1962இல் ஜப்பானியர் சாப்பிட்ட திமிங்கில இறைச்சி 2 இலட்சம் தொன்னுக்கு மேல். யுத்தத்துக்குப் பிந்திய பஞ்சத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் மதியச் சாப்பாடே அதுதான். இன்று அது சில ஆயிரம் தொன்னுக்கு இறங்கிவிட்டது. வேட்டைத் தடையும் ஒரு காரணம்தான், ஆனால் சாப்பிடுவதை எவரும் கையைப் பிடித்துத் தடுக்கவில்லை. பேரப்பிள்ளைகள் கேட்பதை நிறுத்திவிட்டார்கள். எந்த மகஜரையும்விட அந்த ஆட்சிக்காரருக்கு இதுதான் பெரிய தலையிடி, உறைந்த இறைச்சியை வைத்துக்கொண்டு வாங்க ஆள் தேடுகிறார்கள்.

கையெழுத்து வீணா என்றால், உள்ளூரிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. 2023இல் ஒரு லட்சம் குரங்குகளைச் சீனாவுக்கு அனுப்பலாம் என்று பேச்சு எழுந்தபோது எங்கள் தெருவில் பலர் கைதட்டினார்கள். எனக்கும் என் தென்னை நினைவுக்கு வந்தது என்பதை மறைக்கவில்லை. சுற்றாடல் அமைப்புகள் சத்தம் போட்டன, நீதிமன்றம் போனார்கள், அந்த ஏற்றுமதி நடக்கவில்லை. குரங்குத் தொல்லையும் தீரவில்லை. அதற்கு வேறு வழி பார்க்கத்தான் வேண்டும். ஆனால் ஒரு விலங்குக்கு ஏற்றுமதி விலை வந்துவிட்டால் அடுத்த வருடம் தொல்லை கொடுக்காத காட்டுக் குரங்கையும் சேர்த்துப் பிடிப்பார்கள். குளத்துக்குப் போன கம்பி அங்கேயும் போயிருக்கும்.

எங்கள் ஊர்க்காரருக்கு விலங்கில் அன்பு இல்லை என்றும் சொல்ல முடியாது. கோட்டை வாசலில் நிற்கிற புள்ளிமான்களுக்குக் கோயிலுக்குப் போகிறவர்கள் வாழைப்பழம் கொடுக்காமல் போவதில்லை. போன மாதம் ஓர் அம்மா அர்ச்சனைத் தட்டிலிருந்த பழத்தை மானுக்கு ஊட்டிவிட்டு, அதன் நெற்றியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பழம் வந்த பையை அங்கேயே போட்டுவிட்டுப் போனார். அவர் இருபது அடி போகவில்லை, மான் பையை மென்றுகொண்டிருந்தது. நான் ஓடிப்போய் இழுத்தேன். அரைவாசிதான் கையில் வந்தது.

மகஜரை நிறுத்த வேண்டாம். 31 பேரிடமும் இரண்டாவது தாளை நீட்டுங்கள். அதில் ஒரே வரி போதும்: எங்கள் கந்தோர் விருந்துகளில் காட்டிறைச்சி இல்லை. முதல் கையெழுத்தைக் கணக்காளரிடம் வாங்குங்கள், வைப்பாரென்றே நினைக்கிறேன். அவருக்கும் அன்று சாப்பாடு முழுதாக இறங்கியிராது, அதனால்தான் அந்தப் பகிடி.

அப்புறம், மாமாவிடம் போகும்போது எனக்காக ஒன்று விசாரித்து எழுதுங்கள். கம்பியில் மாட்டுகிற பன்றியை வாங்க யாராவது வருகிறார்களா, கிலோவுக்கு அவருக்கு என்ன கொடுக்கிறார்கள்? உங்கள் விருந்துக்குக் கிலோ என்ன விலைக்கு வந்தது என்பதையும் பக்கத்திலேயே எழுதுங்கள்.

அன்புடன்,
அண்ணா