எத்தனை மாடி?

கேள்வி: கொடைக்கானலில் ஐந்து மாடிக் கட்டடங்களுக்கு எப்படி அனுமதி கிடைக்கிறது? மலையழகைக் காக்கத் தனிச் சட்டம் வேண்டாமா? (வாசகர், வத்தலக்குண்டு)

பதில்: ஐந்து மாடி என்று எங்கே நின்று எண்ணினீர்கள்? பள்ளத்திலா? ரோட்டுக்கு வந்து எண்ணுங்கள், ஒரே மாடிதான். ரிசப்ஷன் மேலே, ரூம்கள் அதற்குக் கீழே, டைனிங் ஹால் இன்னும் கீழே. லிஃப்டில் இறங்கித்தான் ரூமுக்குப் போகவேண்டும். வரைபடத்தில் அடித்தளம், கீழ் அடித்தளம் என்றுதான் இருக்கும். 'மாடி' என்ற பேச்சே வராது. பாதாள லோகத்துக்கு எந்த நகராட்சி அனுமதி மறுத்திருக்கிறது?

சட்டத்துக்குப் பஞ்சமில்லை. மலைநகரக் கட்டட விதிகள் 1993-லேயே வந்துவிட்டன. நீலகிரியில் உயர வரம்பு 7 மீட்டர். அதை எங்கிருந்து அளப்பது என்பதில்தான் வித்தை. 30 டிகிரிச் சரிவில், முன்பின்னாக 12 மீட்டர் நீளமுள்ள கட்டடத்தை மேட்டுப்பக்கத் தரையிலிருந்து அளந்தால், பள்ளப்பக்கம் இன்னொரு 7 மீட்டர் இனாம்! முதலில் பொக்லைன், பிறகு சர்வே என்றால் தரைமட்டமே இடம் மாறிவிடும். மண்ணைத் தொடுமுன் சமஉயரக் கோட்டு வரைபடம் (ஒரே உயரமுள்ள இடங்களைக் கோட்டால் இணைத்துச் சரிவைக் காட்டும் படம்) வாங்கி, கட்டடம் தொடும் மிகத் தாழ்ந்த புள்ளியிலிருந்து அளக்கவேண்டும். மண் வெட்டும் உயரத்துக்கும் வரம்பு வேண்டும். வெட்டிய இடத்தில் தடுப்புச்சுவர் எழுப்பி, நீர் கசிந்து வெளியேறத் துளை விடாமல் பூசிவிடுகிறார்கள். ஐப்பசி மழையில் பின்னால் தேங்கும் தண்ணீர் சுவரைத் தள்ளிவிடுகிறது.

அளவையும் மீறியவர்களுக்கு இருக்கவே இருக்கிறது, அரசு தரும் 'விதிவிலக்கு'. அந்த அதிகாரத்தின் மேல் எனக்கு உள்ள கடுப்பு ஊரறிந்தது. உங்கள் கொடைக்கானலின் பிளசன்ட் ஸ்டே ஓட்டல் மறந்துவிட்டதா? இரண்டு தளத்துக்கு அனுமதி, எழுந்தது ஏழு. 1994-ல் அரசாணை போட்டுச் சலுகை. பழனி மலைப் பாதுகாப்பு கவுன்சில் கோர்ட்டுக்குப் போக, ஐகோர்ட் ரத்து செய்தது. 1995-ல் சுப்ரீம் கோர்ட்டும் அதை உறுதி செய்தது. அந்தச் சலுகை தொடர்பான கிரிமினல் வழக்கில், அப்போது முதல்வராக இருந்த ஜெயலலிதாவுக்கு 2000-ல் தண்டனை, 2001-ல் விடுதலை. அரசியல் நினைவிருக்கிறது, விலக்கு தரும் வழக்கத்தை யாரும் கேட்பதில்லை.

வெள்ளைக்காரன் மட்டும் கெட்டிக்காரன் என்று எழுதிவிடாதீர்கள். லண்டன் ரிச்மண்ட் பூங்கா மேட்டிலிருந்து 16 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் செயின்ட் பால் ஆலயக் குவிமாடம் தெரியவேண்டும் என்று, குறுக்கே ஒன்றும் எழும்பாமல் காத்தார்கள். பின்பக்கம் ஸ்ட்ராட்ஃபோர்டில் 42 மாடிக் கோபுரம் வளர்ந்து, 2016-ல் குவிமாடத்துக்குப் பின்னால் தலை நீட்டியது.

உங்களுக்கு ஒரு வேலை. பத்து ரூபாய் கட்டி, தகவல் உரிமைச் சட்டத்தில் அந்தக் கட்டடத்தின் வெட்டுத்தோற்ற வரைபடத்தை (கட்டடத்தை மேலிருந்து கீழாக வெட்டிப் பக்கவாட்டில் பார்த்தாற்போன்ற படம்) நகராட்சியிடம் கேளுங்கள். அதில் பழைய தரைமட்டக் கோடு வரைந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்து எழுதுங்கள்.