புஸ்தகங்களையும் எடுத்துக்கொண்டு வா

எங்கள் சபையின் வாசகர் வட்டத்தில் இந்த மாதம் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் பொறுப்பு எனக்கு வந்தது. நாற்பது வருஷமாக விசுவாசம் சார்ந்த புத்தகங்களைப் படித்தும், மற்றவர்கள் கையில் கொடுத்தும் வருகிறேன். வந்த கேள்விகளில் ஆறை இங்கே எடுத்துக்கொண்டேன்.

வேதாகமம் போதாதா? மற்ற புத்தகங்கள் எதற்கு? (ஓய்வுபெற்ற ஆசிரியர்)

ஐயா, பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் கடைசி அதிகாரத்தைப் பாருங்கள். சிறையில் இருக்கிறார், மரணம் பக்கத்தில் வந்துவிட்டது, கூட இருந்தவர்களில் லூக்காவைத் தவிர மற்றவர்கள் போய்விட்டார்கள். அந்த நிலையில் அவர் கேட்பது என்ன? துரோவாவில் விட்டுவந்த மேலங்கி. அப்புறம் புஸ்தகங்கள், விசேஷமாய்த் தோற்சுருள்கள். குளிருக்கு அங்கி வேண்டும், சரி. ஓட்டத்தை முடித்தேன் என்று சற்று முன்னால்தான் எழுதியவருக்குப் புஸ்தகமும் வேண்டியிருக்கிறது. எனக்கு இந்த ஒரு வசனம் போதும்.

இதுவரை தியானப் புத்தகங்கள் மட்டுமே படித்திருக்கிறேன் அக்கா. எதில் தொடங்கலாம்? (கல்லூரி மாணவி)

ஜான் பன்யன் எழுதிய 'மோட்சப் பிரயாணம்'. வேறு யோசனையே வேண்டாம்மா. பன்யன் இங்கிலாந்தின் பெட்போர்டு பகுதியில் பாத்திரங்களைப் பழுதுபார்த்துப் பிழைத்தவர். அனுமதியில்லாமல் பிரசங்கம் செய்தார் என்று ஏறக்குறைய 12 வருஷம் சிறையில் வைத்தார்கள். புத்தகம் 1678இல் வெளிவந்தது.

அதில் சந்தேகக் கோட்டை வரும் இடத்தை மெதுவாகப் படி. விரக்தி என்ற இராட்சதன் கதாநாயகன் கிறிஸ்தியானையும் அவன் தோழனையும் இருட்டறையில் போட்டு அடிக்கிறான். புதன் காலையிலிருந்து சனி இரவு வரை சோறில்லை, தண்ணீரில்லை, வெளிச்சமில்லை. சனி நள்ளிரவில்தான் ஜெபிக்கத் தொடங்குகிறார்கள். விடியும் நேரத்தில் கிறிஸ்தியானுக்குச் சட்டென்று ஞாபகம் வருகிறது: வாக்குத்தத்தம் என்ற சாவி இத்தனை நாளும் அவன் மார்புச் சட்டைக்குள்ளேயே இருந்திருக்கிறது! உள்கதவுகள் சுலபமாகத் திறந்துவிடுகின்றன. கடைசி இரும்புக் கதவின் பூட்டு மட்டும் பயங்கரமாக மக்கர் செய்கிறது. உலோகத்தோடு மல்லுக்கட்டிய கையால்தான் இப்படி எழுத முடியும் என்று எனக்குத் தோன்றும். சாவி சரியான சாவிதான். ஆனாலும் திருப்பக் கஷ்டமாக இருக்கிறது. என் இருபத்தைந்தாவது வயதில் இந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

'இரட்சணிய யாத்திரிகம்' வாங்கினேன். பத்துப் பாட்டுக்கு மேல் நகரவில்லை. (வங்கி ஊழியர்)

தம்பி, முதல் பாட்டில் தொடங்கி வரிசையாகப் படிக்கப் பார்த்திருப்பீர்கள். மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்கள், மலைக்கத்தான் செய்யும். எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை 1827இல் திருநெல்வேலிப் பக்கம் கரையிருப்பில் வைணவக் குடும்பத்தில் பிறந்தவர். கம்பனில் ஊறிய மனிதர். 1858இல் ஞானஸ்நானம் பெற்றார். பன்யனின் கதையை எடுத்துத் தமிழ்க் காப்பியமாகவே ஆக்கினார், 1894இல் நூலாக வந்தது. கம்பனை விட்டுவிட்டு வரவில்லை அவர். கம்பனையும் கூட்டிக்கொண்டே சிலுவையடிக்கு வந்தார். அதனால்தான் இந்த நூலின் மேல் எனக்கு இவ்வளவு பிரியம்.

அதில் குமார பருவம் என்ற பகுதியில் வரும் இயேசுவின் பாடுகளிலிருந்து தொடங்குங்கள். பெரிய வெள்ளி அன்று மும்மணி நேர ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்ததும் என் அப்பா சாப்பாட்டுக்கு முன் ஒரு பாட்டைச் சத்தமாகப் படிப்பார். திருமேனி சதைப்புண்டு, சொல்லமுடியாத பாடுகள் படும்போதும், 'இன்னது என அறிகில்லார் தாம் செய்வது' என்று பரிந்து,

'இவர் பிழையை மன்னியும் என்று
எழிற் கனிவாய் மலர்ந்தார் நம் வள்ளலார்.'

உடல் நசுங்கிக் கிடக்கிறது, வாய் பூப்போல மலர்கிறது. லூக்கா சுவிசேஷத்தில் ஒரே வாக்கியமாக இருப்பதைக் கவிஞர் நாலு அடிக்கு நீட்டி, 'மலர்ந்தார்' என்ற வினையைக் கடைசி அடிவரை வராமல் பிடித்து வைத்திருக்கிறார். அப்பா அந்தச் சொல்லில் கொஞ்சம் நிறுத்துவார். நீங்களும் வாய்விட்டுப் படியுங்கள். பொருள் பாதி காது வழியாகவே வந்துவிடும். மீதிக்கு உரை இருக்கிறது.

என் கணவர் இறந்து எட்டு மாதம் ஆகிறது. ஜெபிக்க முடியவில்லை. ஆறுதல் புத்தகங்களைத் திறந்தால் எரிச்சல்தான் வருகிறது. (சகோதரி ஒருவர்)

அன்புச் சகோதரி, அந்த எரிச்சலுக்காக உங்களைக் குற்றப்படுத்திக்கொள்ள வேண்டாம். என் அண்ணன் போனபோது வந்தவர்கள் எல்லாரும் 'கர்த்தருடைய சித்தம்' என்று சொன்னார்கள். அந்த வார்த்தையைக் கேட்டுக் கேட்டுக் கதவைச் சாத்திக்கொள்ளலாம்போல் இருந்தது எனக்கு.

கிறிஸ்தவ எழுத்தாளர் சி.எஸ். லூயிஸ் 1940இல் வேதனையைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். தெளிவான வாதம், எல்லாவற்றுக்கும் விளக்கம். இருபது வருஷம் கழித்து, 1960இல், அவர் மனைவி புற்றுநோயில் இறந்தார். அப்போது வீட்டில் கிடந்த வெற்று நோட்டுகளில் எழுதிவைத்ததை 1961இல் 'A Grief Observed' என்ற தலைப்பில், புனைபெயரில் வெளியிட்டார். கடவுளைத் தேடிப் போனால் முகத்துக்கு நேரே கதவு சாத்தப்படுகிறது, உள்ளே தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்கிறது என்று எழுதுகிறார். இவ்வளவு பெரிய விசுவாசி இப்படி எழுதியிருக்கிறாரே என்று படித்தபோதுதான் எனக்கு மூச்சு விட முடிந்தது. அதே சின்னப் புத்தகத்தின் பின்பகுதியில் அந்த மௌனம் பூட்டிய கதவாக இல்லாமல், இரக்கத்தோடு பார்க்கும் ஒரு பார்வையாக மாறுகிறது. அங்கே போகும் அவசரம் உங்களுக்கு வேண்டாம். முன்பகுதியிலேயே எத்தனை நாள் வேண்டுமானாலும் இருங்கள்.

அதுவும் முடியாவிட்டால் 88ஆம் சங்கீதம் மட்டும் படியுங்கள். முறையிட்டுத் தொடங்கி இருளிலேயே முடிகிற சங்கீதம் அது. கடைசியில் ஒரு ஸ்தோத்திர வரிகூட இல்லை. அதையும் ஜெபம் என்றுதான் வேதாகமத்தில் வைத்திருக்கிறார்கள்.

நாம் சீர்திருத்த சபைக்காரர்கள். கத்தோலிக்க நூல்களைப் படிக்கலாமா?

தாராளமாக. வீரமாமுனிவரின் 'தேம்பாவணி'யைப் படிக்காமல் இருந்தால் நஷ்டம் நமக்குத்தான். இத்தாலியில் பிறந்தவர் இங்கே வந்து தமிழ் கற்று, இயேசுவின் வளர்ப்புத் தந்தை சூசையப்பரைத் தலைவனாக வைத்து 3615 பாடல்கள் பாடியிருக்கிறார். சுவிசேஷங்களில் சூசையப்பர் ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லை என்பதை நினைத்துக்கொண்டு படித்தால் இன்னும் சுவை.

இப்போது என்ன படிக்கிறீர்கள், அக்கா?

மூன்றாம் முறையாக ரஷ்ய எழுத்தாளர் தஸ்தயேவ்ஸ்கியின் 'குற்றமும் தண்டனையும்'. எம்.ஏ. சுசீலாவின் தமிழில் கிடைக்கிறது. கொலை செய்த ரஸ்கோல்னிகோவுக்கு, சோனியா மெழுகுவத்தி வெளிச்சத்தில் புதிய ஏற்பாட்டிலிருந்து, இயேசு உயிரோடு எழுப்பிய லாசருவின் கதையைப் படித்துக் காட்டும் இடம் பலருக்குத் தெரியும். எனக்கு அதைவிடப் பிடித்தது சைபீரியாவில் நடக்கும் முடிவுரை. அதே புதிய ஏற்பாட்டை அவனே அவளிடம் கேட்டு வாங்கித் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறான். தஸ்தயேவ்ஸ்கியும் தன் நாலு வருஷச் சிறைவாசத்தில் ஒரு புதிய ஏற்பாட்டைத் தலையணைக்குக் கீழே வைத்திருந்தவர்தான். சோனியா அதைப் படி என்று ரஸ்கோல்னிகோவை ஒரு முறைகூட வற்புறுத்தவில்லை. கடைசிப் பக்கத்தில் அவன் அதைக் கையில் எடுக்கிறான். இன்னும் திறக்கவில்லை.