அல்லிகேட்டரின் முதுகில் இருப்பது செதிலா, எலும்பா? அது புதைபடிவமாகக் கிடைக்குமா?

இரண்டும்தான். மேலே செதில், அதற்கடியில் தோலுக்குள்ளேயே எலும்புத் தகடு. புதைபடிவமாகவும் நிறையக் கிடைக்கிறது. பிள்ளையின் பள்ளிப் பாடத்துக்குக் கேட்கிறீர்கள் போல, இதுவரை எழுதிக் கொடுத்தால் போதும். மீதி என் ஆற்றாமை.

நான் வளர்ந்தது ஊத்தான் மெலிந்தாங் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில். அல்லிகேட்டர் மலேசியாவில் கிடையாது, அமெரிக்காவிலும் சீனாவிலும்தான் உண்டு. எங்கள் பெர்னாம் ஆற்றில் இருப்பது உப்புநீர் முதலை. (இரண்டும் வேறு என்று திருத்த வருகிறவர்களே, தெரியும். தகடு இரண்டுக்குமே உண்டு.)

எனக்குப் பதினோரு வயசு. பாரிட் (தோட்டத்து வாய்க்கால்) ஓரத்தில் ஒரு முதலை செத்துக் கிடந்தது. நாற்றம் தாங்காமல் ஓடி வந்துவிட்டோம். சில மாதம் கழித்துப் போனால் தோல் மக்கி, சதுரம் சதுரமாக எலும்பு சிதறிக் கிடந்தது. நடுவில் ஒரு மேடு, மற்றபடி அம்மைத் தழும்பு போலக் குழி குழியாக. இவை முதுகெலும்போடு ஒட்டியிருப்பதில்லை, அதனால் தோல் போனதும் தனித்தனியாக உதிர்ந்துவிடும். பதினேழு பொறுக்கி மைலோ டின்னில் போட்டேன். பாதுகாக்கப்பட்ட விலங்காயிற்றே என்று கேட்காதீர்கள். சின்னப் பையன், அதுவும் செத்த முதலை.

நாலைப் பள்ளிக்குக் கொண்டு போனேன். "ஆமை ஓடுடா இது, முதலைக்கு ஏது முதுகில் எலும்பு?" என்றார் வாத்தியார். வகுப்பே சிரித்தது. நாலும் குப்பைத்தொட்டிக்குப் போயின. அந்த வருஷம் முழுக்க எனக்கு ஆமை என்றுதான் பேர்.

வாத்தியாரைப் பழிக்கிறேன் என்று நினைக்க வேண்டாம். 1903இல் அமெரிக்காவின் மொன்டானாவில் இப்படித்தான் சில தகடுகள் தரையில் கிடந்தன. கண்டெடுத்த ஜான் பெல் ஹாட்சர் பேர்பெற்ற ஆய்வாளர், அவரே அதைக் கவச டைனோசருடையது என்றுதான் எண்ணினார். 1909இல் ஹாலண்ட் என்பவர்தான் அது ராட்சத முதலை என்று கண்டு டைனோசூக்கஸ் எனப் பெயர் வைத்தார். ஏழெட்டுக் கோடி ஆண்டுக்கு முந்தைய பிராணி, பத்து மீட்டருக்குக்கூட வளருமாம். தப்பு எல்லாருக்கும் வரும். அங்கே யாரும் தகட்டைத் தூக்கி எறியவில்லை, அவ்வளவுதான்.

அந்தத் தகடு வெறும் கவசமும் இல்லை. உள்ளே இரத்தக் குழாய்கள் ஓடுகின்றன, வெயில் காயும்போது உடம்புக்குச் சூடு ஏற்ற உதவும். நீருக்கடியில் வெகுநேரம் மூச்சடக்கிக் கிடந்தால் இரத்தத்தில் அமிலம் ஏறும், அதைத் தணிக்கவும் தகட்டிலுள்ள சுண்ணாம்புச் சத்து கரைந்து வரும்.

மீதிப் பதின்மூன்று எங்கே என்கிறீர்களா? தோட்டத்தை விற்றபோது நாங்கள் இருந்த லயத்தை, அதாவது தொழிலாளர் வரிசை வீட்டை, காலி செய்ய இரண்டு வாரம் கொடுத்தார்கள். முப்பது வருஷம் குலை வெட்டிய அப்பாவுக்குக் கொடுத்த பணம் எத்தனை வெள்ளி என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். லோரியில் சாமி படமும் தையல் மெஷினும் ஏறின, டின் பரண்மேலேயே தங்கிவிட்டது. மறுநாள் நான் போனபோது லயத்தில் பாதி இல்லை. காவலாளி என்னை உள்ளே விடவில்லை.